முதல் கேப்போ வாங்குகிறீர்களா? அழுத்தத்தைப் பாருங்கள்

கிட்டார் கற்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் ஜி, சி, டி, இ மைனர் என்று நாலைந்து கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) கைவந்துவிடும். ஆனால் பாடுபவரின் குரலுக்கு அந்தச் சுருதி ஒத்துவராது. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துப் பிடிக்கும் பார் கார்டுகளும் இன்னும் வசப்பட்டிருக்காது. கேப்போ கைகொடுப்பது இங்கேதான். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே மாட்டினால் ஆறு கம்பிகளையும் ஒரே ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகளில் ஒன்றில்) அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஃபிரெட் ஏற்றினால் சுருதி அரைச்சுரம் ஏறும். இரண்டாவது ஃபிரெட்டில் மாட்டிக்கொண்டு ஜி கார்டைப் பிடித்தால் ஏ கார்டு ஒலிக்கும், சி-யைப் பிடித்தால் டி.

வேலை இவ்வளவுதானே, எந்தக் கேப்போவாக இருந்தால் என்ன என்று தோன்றும். நிறம் பிடித்ததையோ, ஒரே கையால் சட்டென்று மாட்ட முடிவதையோ எடுத்துவிடுவோம். அப்புறம் கேப்போ போட்டாலே கார்டுகள் சுருதி சேராத மாதிரி ஒலிக்கும். கிட்டாரில் கோளாறோ, காதில் கோளாறோ என்று குழம்புவோம். பெரும்பாலும் இரண்டுமே இல்லை. கேப்போ தேவைக்கு மேல் அழுத்துகிறது, அவ்வளவுதான். அதனால் முதல் கேப்போ வாங்குபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற கேப்போவாகப் பாருங்கள். வேகம், எடை, அழகு எல்லாம் அதற்கு அடுத்துதான்.

முதலில் ஒரு சின்னச் சோதனை

கேப்போ இல்லாமலே இதைச் செய்து பார்க்கலாம். மூன்றாவது கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில், ஒலி தெளிவாக வரும் அளவுக்கு மட்டும் மெதுவாக அழுத்தி மீட்டுங்கள். ஒலி அடங்குவதற்குள் விரலை முழு பலத்தோடு மரத்தை நோக்கி அழுத்துங்கள். சுருதி மேலே நழுவுவது காதுக்கே தெரியும். ஃபிரெட்டைத் தொட்ட பிறகும் அழுத்தினால் கம்பி மரத்தை நோக்கி வளையும். வளைந்தால் இழுபடும். இழுபட்ட கம்பி சுருதி ஏறி ஒலிக்கும். ஃபிரெட்டுகள் உயரமாக இருக்கும் கிட்டாரில் இது இன்னும் அதிகம்.

இறுக்கமான கேப்போ ஆறு கம்பிகளிலும் இதையே செய்கிறது. எல்லாம் ஒரே அளவு ஏறினால் தனியாக வாசிப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அப்படி ஏறுவதில்லை. தடித்த கம்பி ஒரு மாதிரி, மெல்லிய கம்பி வேறு மாதிரி ஏறும். அரைச்சுரத்தை 100 சென்ட் என்று பிரித்து அளப்பார்கள். ஒரு கம்பி 2 சென்ட் விலகி, பக்கத்துக் கம்பி 12 சென்ட் விலகியிருந்தால் அந்தக் கார்டு கேட்க நன்றாக இருக்காது.

படி 1: உங்கள் கிட்டாரைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்டீல் கம்பியா, நைலான் கம்பியா? ஆறு கம்பியா, பன்னிரண்டா? ஸ்டீல் கம்பி கிட்டாரில் நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட துண்டு) அருகே கழுத்தின் அகலம் பொதுவாக 43 முதல் 45 மில்லிமீட்டர். நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டாரில் சுமார் 52 மில்லிமீட்டர். ஸ்டீல் கம்பிக்கென்று செய்த கேப்போவின் நீளம் கிளாசிக்கல் கிட்டாருக்குப் போதாமல் போகலாம்.

அகலத்தைவிட முக்கியம், கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பலகையின் (ஃபிரெட்போர்டு) வளைவு. கிளாசிக்கல் கிட்டாரின் ஃபிரெட்போர்டு பெரும்பாலும் தட்டையாக இருக்கும். ஸ்டீல் கம்பி கிட்டாரில் நடுப்பகுதி லேசாக மேடாக இருக்கும். இந்த வளைவை ரேடியஸ் என்று அங்குலத்தில் சொல்வார்கள். எண் கூடக்கூடப் பலகை தட்டையாகிறது என்று பொருள். மார்ட்டின் அக்கௌஸ்டிக் கிட்டார்களில் 16 அங்குலம், டெய்லரில் 15, கிப்சனில் 12 என்பது வழக்கம். உங்கள் கிட்டாரின் எண் தெரியாவிட்டால் பரவாயில்லை. ஒரு ஸ்கேலின் விளிம்பைக் கம்பிகளின் மேல் குறுக்காக வையுங்கள். நடுக்கம்பிகளில் தொட்டுக்கொண்டு இரண்டு ஓரங்களிலும் இடைவெளி விட்டு ஆடினால் வளைவான பலகை. ஆடாமல் உட்கார்ந்தால் தட்டை.

கேப்போவில் கம்பிகளை அழுத்தும் பட்டையும் இதே வளைவில் இருக்க வேண்டும். வளைந்த பலகையில் தட்டையான பட்டையை மாட்டினால் நடுக்கம்பிகள் நசுங்கும், ஓரக் கம்பிகள் கரகரக்கும். கரகரப்பைப் போக்க இன்னும் இறுக்குவோம், நடுக்கம்பிகள் இன்னும் சுருதி ஏறும். தட்டைப் பலகையில் வளைந்த பட்டையை மாட்டினால் இதற்கு நேர்மாறு: மூன்றாவது, நாலாவது கம்பிகள் மந்தமாகிவிடும். கேப்போவின் அட்டையில் 'ஸ்டீல் ஸ்ட்ரிங்', 'கிளாசிக்கல்', '12 ஸ்ட்ரிங்' என்று எழுதியிருப்பது விளம்பரத்துக்காக அல்ல. ஷப் நிறுவனம் இந்த மூன்றுக்கும் சி1, சி2, சி3 என்று தனித்தனி மாடல்களே வைத்திருக்கிறது.

பன்னிரண்டு கம்பிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தடித்த கம்பியும் மெல்லிய கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், சாதாரணக் கேப்போ தடித்ததை அழுத்திவிட்டு மெல்லியதைக் கோட்டை விட்டுவிடும். உங்களுக்கென்று செய்த மாடலையே வாங்குங்கள்.

படி 2: வகையைத் தேர்ந்தெடுங்கள்

எலாஸ்டிக் பட்டை வைத்தவை எடை குறைவு, விலையும் குறைவு. பட்டை நாளடைவில் தளர்ந்துவிடும், ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குப் போவதைத் தவிர அழுத்தத்தைச் சரிசெய்ய வழியில்லை. விட்டுவிடலாம்.

ஸ்பிரிங் வகைதான் எங்கும் கண்ணில் படுவது. கைசர் நிறுவனத்தின் குயிக் சேஞ்ச் இதில் பிரபலம். கைப்பிடிகளை அமுக்கினால் வாய் திறக்கும், விட்டால் கவ்வும். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே இரண்டு நொடியில் இடம் மாற்றலாம், தேவைப்படாதபோது கிட்டாரின் தலையிலேயே கவ்வ விட்டுவிடலாம். மேடையில் வாசிப்பவர்கள் இதை விரும்புவது நியாயம்தான். ஆனால் எவ்வளவு அழுத்துவது என்பதை ஸ்பிரிங் முடிவு செய்கிறது, நீங்கள் அல்ல. அதோடு ஒரு சிக்கல்: கிட்டாரின் கழுத்து உடலை நோக்கிப் போகப் போகத் தடிமனாகும். ஏழாவது ஃபிரெட்டில் வாய் அதிகமாகத் திறந்திருக்கும், ஸ்பிரிங் அதிகமாக அழுத்தும். ஆனால் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவது நட்டை ஒட்டிய முதல் ஃபிரெட்டில். கம்பி மெல்லியதாக இருந்தால், அதாவது எக்ஸ்ட்ரா லைட் செட் போட்டிருந்தால், இந்தத் தொல்லை இன்னும் கூடும்.

திருகு வகையில் பின்பக்கம் ஒரு திருகு இருக்கும். கரகரப்பு நிற்கும் வரை திருகினால் போதும். டடாரியோ நிறுவனத்தின் என்எஸ் கேப்போக்கள் இந்த ரகம். மாட்டச் சில நொடிகள் கூடுதலாகும், வீட்டில் உட்கார்ந்து பழகுபவருக்கு அது ஒரு பொருட்டா?

நெம்புகோல் வகைக்கு உதாரணம் ஷப். திருகை ஒருமுறை உங்கள் கழுத்துக்கு ஏற்ப வைத்துக்கொண்டால், அதன்பின் நெம்புகோலை மடக்கினால் ஒவ்வொரு முறையும் அதே அழுத்தம்தான். இரண்டாவது ஃபிரெட்டிலிருந்து ஆறாவதுக்குப் போனால் திருகைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும். ஜி செவன்த் நிறுவனத்தின் பெர்ஃபார்மன்ஸ் இன்னொரு வழி: கையால் எவ்வளவு அமுக்குகிறீர்களோ அங்கேயே நின்றுகொள்ளும். நல்ல பொருள்தான், ஆனால் விலை கூடுதல்.

தொடக்கக்காரருக்குத் திருகு அல்லது நெம்புகோல் என்பதே என் தேர்வு. ஸ்பிரிங் வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டாவது கேப்போவாக இருக்கட்டும். சில கம்பிகளை மட்டும் அழுத்தும் பார்ஷியல் கேப்போ இப்போதைக்குத் தேவையில்லை.

படி 3: கையில் எடுத்துப் பாருங்கள்

கம்பியைத் தொடும் ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். லேசாக உள்ளே போய், நகத்தை எடுத்ததும் பழையபடி வர வேண்டும். குழி அப்படியே நின்றால், கம்பிகள் சீக்கிரமே அதில் பள்ளம் போட்டுவிடும். ரொம்பவும் மெத்தென்று இருந்தால் ஒலி மங்கும். கழுத்தின் பின்பக்கம் படும் இடத்திலும் ரப்பர் இருக்கிறதா, உலோக முனை எதுவும் மரத்தில் உரசுமா என்று பாருங்கள். கடைசியாக, மாட்டிவிட்டு ஒரு சி கார்டைப் பிடித்துப் பாருங்கள். கேப்போவின் உடல் தடிமனாக இருந்தால் ஆள்காட்டி விரல் அதில் இடிக்கும்.

படி 4: ட்யூனரால் சோதியுங்கள்

வாங்குவதற்கு முன் முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள். ட்யூனர் (சுருதியைக் காட்டும் கருவி) க்ரோமேட்டிக் முறையில், அதாவது எல்லாச் சுரங்களையும் காட்டும் முறையில், இருக்க வேண்டும். சாதாரண கிட்டார் முறையில் அது திறந்த கம்பிகளின் சுரங்களை மட்டுமே தேடிக் குழப்பும்.

கேப்போ இல்லாமல் ஆறு கம்பிகளையும் துல்லியமாகச் சுருதி சேருங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியையும் இரண்டாவது ஃபிரெட்டில் விரலால் மெதுவாக அழுத்தி, முள் எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இது கிட்டாரின் சொந்த விலகல், இதற்குக் கேப்போ பொறுப்பல்ல. இப்போது கேப்போவை அதே ஃபிரெட்டில் மாட்டுங்கள். தடித்த கம்பியிலிருந்து வரிசையாக எஃப் ஷார்ப், பி, இ, ஏ, சி ஷார்ப், எஃப் ஷார்ப் என்று காட்ட வேண்டும். விரலுக்கும் கேப்போவுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மூன்று சென்ட்டுக்குள் இருந்தால் நல்ல கேப்போ. பத்தைத் தாண்டினால் அழுத்தத்தைக் குறையுங்கள். குறைக்க வழியே இல்லை என்றால் வேறு பாருங்கள். ஐந்தாவது ஃபிரெட்டிலும் ஒருமுறை செய்யுங்கள். அங்கே ஏ, டி, ஜி, சி, இ, ஏ வரும்.

இந்தச் சோதனையில் சிலருக்கு ஒரு வேடிக்கை நடக்கும். கேப்போ போட்ட பிறகு கிட்டார் முன்பைவிடச் சுத்தமாக ஒலிக்கும். அப்படியானால் நட்டில் உள்ள பள்ளங்கள் ஆழம் போதாமல் இருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். கம்பிகள் உயரத்தில் நிற்பதால், முதல் ஒன்றிரண்டு ஃபிரெட்டுகளில் அழுத்தும்போதெல்லாம் சுருதி ஏறுகிறது. கேப்போ அந்த நட்டையே ஆட்டத்திலிருந்து விலக்கிவிடுகிறது. கிட்டாரைச் சரிசெய்பவரிடம் காட்டினால் சிறிய வேலைதான்.

படி 5: சரியாக மாட்டுங்கள்

இடம் முக்கியம். ஃபிரெட்டின் உலோகக் கம்பிக்கு மேலேயே மாட்டினால் ஒலி மங்கும். இரண்டு ஃபிரெட்டுகளுக்கு நடுவே மாட்டினால் கூடுதல் அழுத்தம் தேவைப்படும், சுருதியும் ஏறும். ஃபிரெட்டுக்குச் சற்றே பின்னால், நட் இருக்கும் பக்கமாக, ஃபிரெட்டுக்கு இணையாக வையுங்கள். மாட்டிய நிலையில் இழுத்து நகர்த்தாதீர்கள், கம்பிகள் பக்கவாட்டில் இழுபடும். கழற்றி, புது இடத்தில் மேலிருந்து நேராக இறக்குங்கள்.

பிறகு கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டுங்கள். கரகரக்கிறதா? கொஞ்சம் இறுக்குங்கள். இல்லையா? கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள், கரகரப்பு வரும் எல்லை தெரியும். அதற்கு ஒரு நூல் மேலே நிறுத்திக்கொள்ளுங்கள். நல்ல கேப்போவிலும் ஒன்றிரண்டு கம்பிகள் லேசாக ஏறத்தான் செய்யும், கேப்போவோடே சுருதியைத் திருத்திக்கொள்ளலாம். கழற்றியதும் மறுபடி பார்த்துக்கொள்ள மறக்காதீர்கள்.

வாசித்து முடித்ததும் கேப்போவைக் கழற்றிவிடுங்கள். நாள்கணக்கில் மாட்டியே வைத்தால் ரப்பரில் பள்ளம் விழும். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு உள்ள கிட்டாராக இருந்தால் சில ரப்பர்கள் பூச்சோடு வினைபுரிந்து கறை விடும். பள்ளம் விழுந்த ரப்பரை மட்டும் மாற்ற சில நிறுவனங்கள் தனியாக ரப்பர் விற்கின்றன. வாங்கும்போதே அது கிடைக்குமா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.