பவளத் தொட்டிக்கான உப்புக்கலவையும் நீர்ப் பராமரிப்பும்

இராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் உப்பளங்களில் விளையும் உப்பு கடல்நீரிலிருந்தே வந்தாலும், அதைக் கரைத்துப் பவளத் தொட்டியை, அதாவது உயிருள்ள கடற்பவளங்களை வளர்க்கும் தொட்டியை, நிரப்பக் கூடாது. பாத்திகளில் நீர் வற்றும்போது கால்சியம் ஜிப்சமாக முன்னதாகவே படிந்துவிடுகிறது, மெக்னீசியம் எஞ்சிய கசப்புநீரோடு வெளியேறுகிறது, மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. எனவே, பவளத்திற்கென்றே தயாரித்த கலவையை வாங்க வேண்டும். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புத்தன்மையில் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராமும், மெக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராமும், காரத்தன்மை 8 டி.கே.எச். (கார்பனேட் கடினத்தன்மையின் அலகு) அளவிலும் தரும் கலவை போதுமானது. விலையைவிட, தொட்டியில் நீங்கள் பேணும் காரத்தன்மையோடு அது ஒத்துப்போவதே முக்கியம் என்பது என் கருத்து.

ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து, ஆர்.ஓ. நீரிலேயே உப்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கவும். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் உப்பு கட்டிபடும் என்பதால் பையைக் காற்றுப்புகாமல் மூடவும்.

ஆவியாவது நீர் மட்டுமே, உப்பன்று. ஆகவே குறைந்த மட்டத்தை நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும். காரத்தன்மையை வாரந்தோறும் அளந்து, குறைந்திருந்தால் நாளொன்றுக்கு 1 டி.கே.எச். அளவுக்கு மேல் உயர்த்தாதீர்கள். கால்சியம் சேர்த்தும் நிலைக்காவிட்டால் மெக்னீசியத்தைச் சோதியுங்கள். அது குறைந்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து வீணாகும்.

மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. மண்டபம் கரையில் ஒதுங்கிய துண்டைக்கூடத் தொட்டிக்காக எடுக்கக் கூடாது.