இரைப்போடு நடக்கப் பழகியது

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால், இரைக்குமே என்ற அச்சத்தில் என் நடை குறைய, தொடைத் தசைகள் மெலிந்து, சிறு வேலைக்கும் இரைப்பு கூடிக்கொண்டே போனது. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியில் 6 நிமிட நடைச் சோதனை செய்து, ஆக்சிமீட்டரில் இரத்த ஆக்சிஜன் அளவையும் பார்த்து, எனக்கேற்ற நடைவேகத்தை முடிவு செய்தார்கள்.

பெரிதும் உதவியது உதடு குவித்து மூச்சுவிடும் முறைதான்: மூக்கால் இழுத்த காற்றை, இழுத்த நேரத்தைப் போல் இருமடங்கு எடுத்து, குவித்த உதடுகளின் வழியே மெல்ல வெளியேற்றினால், நுரையீரலில் தேங்கும் காற்று குறைந்து அடுத்த மூச்சுக்கு இடம் கிடைக்கிறது. மாடிப்படியில் கால் ஊன்றி ஏறும்போது மூச்சை வெளிவிடுகிறேன்.

0 (இரைப்பே இல்லை) முதல் 10 (உச்சகட்ட இரைப்பு) வரை நாமே மதிப்பிடும் போர்க் (Borg) அளவுகோலில் இரைப்பு 3 அல்லது 4 என்ற அளவில் இருக்குமாறு நடக்கச் சொன்னார்கள். சற்றும் இரைக்காத நடையால் பயன் குறைவு என்பதை ஏற்க எனக்கு நாளாயிற்று. நுரையீரல் பழையபடியே இருந்தாலும், கால்கள் வலுப்பெற்றதால் கடைத்தெருவுக்கு இப்போது நடந்தே சென்று வருகிறேன்.