மூன்று நிமிடம், எட்டுப் புள்ளி: குமித்தே வீராங்கனையின் போட்டித் தயாரிப்பு

பிளாக் பெல்ட் எப்போது வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்பே எடைப் பிரிவை யோசித்துவிடுங்கள். உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி சீனியர் பெண்களுக்கு ஐந்து பிரிவுகள்: 50, 55, 61, 68 கிலோவுக்கு உட்பட்டவை நான்கு, 68-க்கு மேல் ஒன்று. சீனியர் குமித்தேயில், அதாவது கராத்தேயின் நேருக்கு நேர் சண்டைப் போட்டியில், இறங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். 14, 15 வயதில் கேடட், 16, 17-இல் ஜூனியர். அந்தப் பிரிவுகளின் எடை வரம்பு வேறு.

தினமும் காலையில், சாப்பிடுவதற்கு முன், ஒரே தராசில் எடை பாருங்கள். ஒரு வாரக் கணக்கு போதாது, ஒரு முழு மாதவிடாய்ச் சுழற்சிக்காவது குறித்து வையுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடல் நீர் பிடிப்பதால் சிலருக்கு ஒன்றிரண்டு கிலோ கூடும். எடை பார்க்கும் நாள் அதில் மாட்டிக்கொண்டால் கடைசி இரவு முழுக்கப் பட்டினிதான். சராசரி எடை வரம்பைவிட இரண்டு, மூன்று சதவீதம் அதிகம் என்றால் எட்டு வாரத்தில் உணவைச் சீர்செய்து நிதானமாக இறங்கலாம். ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் மேல் பிரிவுக்குப் போவதே சரி. வியர்வையில் எடையை இறக்கியவர் முதல் சண்டையில் சமாளித்துவிடுவார். ரத்தத்தின் நீரளவு குறைந்திருப்பதால் மூன்றாவது, நான்காவது சண்டையில்தான் கால் கனக்கும், எதிரியின் அசைவு கண்ணில் பட்டும் கை தாமதமாகக் கிளம்பும். உணவைக் குறைத்து மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோனால் அது கடும் பயிற்சியின் அடையாளம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. எலும்பு பலவீனமாகி, கால் எலும்பில் விரிசல் விழும் வழி அது, மருத்துவரிடம் போங்கள்.

மேல் பிரிவு என்றால் தோல்வி என்று பயப்பட வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் குமித்தேக்கு மூன்றே பிரிவுகள். வழக்கமாக 50 கிலோவில் ஆடிய ஆஸ்திரியாவின் பெட்டினா பிளாங்க் 55-க்கு ஏறி வந்து வெண்கலம் வென்றார்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. கைக்குத்துக்கு 1 (யூகோ), உடம்பில் விழும் கிக்குக்கு 2 (வாசாரி), தலைக்குக் கிக் அல்லது கீழே விழுந்த எதிரி மீது முறையான அடிக்கு 3 (இப்பான்). எட்டுப் புள்ளி முன்னிலை வந்தால் ஆட்டம் அத்தோடு முடியும். சமநிலையில் முடிந்தால் 'சென்ஷு', அதாவது எதிரியும் கூடவே புள்ளி எடுக்காமல் முதல் புள்ளி எடுத்தவருக்கு வெற்றி. டோக்கியோவில் 61 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிச் சண்டை 2–0 என்றுதான் முடிந்தது. எகிப்தின் ஃபெர்யால் அப்துல்அஸீஸ் தங்கம் வென்றார். மேல்மட்டத்தில் புள்ளி அவ்வளவு அரிது. அதனால் முதல் முப்பது விநாடியை எதிரியைப் படிக்க மட்டும் செலவிடும் பழக்கம் நமக்குச் சரியாகப் படவில்லை.

நுட்பம் மூன்று போதும்: முன்னால் இருக்கும் கையால் குத்தும் கிசாமி சுகி, பின்னால் இருக்கும் கையால் குத்தும் கியாகு சுகி, முன்காலால் தலைக்கு ஒரு கிக். உலகின் எல்லா நுட்பத்தையும் பழகி ஒன்றும் கைகொடுக்காமல் நிற்பவர்கள்தான் அதிகம்.

கியாகு சுகியைப் பிரித்துப் பழகுங்கள். பின்குதிகால் லேசாகத் தூக்கியிருக்கட்டும். எடையைப் பின்னால் சாய்க்காமல் முன்முழங்கால் கிளம்ப வேண்டும். பின்னால் சாய்ந்து பாயும் அந்த அரை நொடிதான் எதிரிக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு. பின்கால் தரையைத் தள்ள, முன்பாதம் தரைதொடும் கணத்தில் முஷ்டி இலக்கில் இருக்க வேண்டும். பாதம் ஊன்றிய பிறகு கை போனால் வேகம் தரையிலேயே செத்துவிடும். மற்றக் கை தாடையருகே. அடித்ததும் முஷ்டியை இழுத்துக்கொண்டு, பார்வையை எடுக்காமல் விலக வேண்டும். அடித்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு நடுவரைப் பார்த்துக் கத்தினால், சான்ஷின் (அடித்த பிறகும் எதிரி மீது விழிப்பு) இல்லை என்று நல்ல அடியும் புள்ளியாகாது.

புள்ளிக்கு இரண்டு நடுவர்களாவது ஒப்ப வேண்டும், அவர்கள் மூலைகளில் அமர்ந்திருப்பார்கள். உங்கள் முதுகே அடியை மறைத்தால் யாரும் புள்ளி கொடுக்க மாட்டார்கள். பயிற்சியில் நான்கு மூலையிலும் கைபேசியை வைத்துப் படம்பிடித்து, எத்தனை கோணத்தில் அடி தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்.

சீனியர் சண்டை மூன்று நிமிடம். நடுவர் 'யாமே' (நிறுத்து) சொல்லும்போதெல்லாம் கடிகாரம் நிற்பதால் உண்மையில் ஐந்து நிமிடத்தைத் தாண்டுவது சகஜம். இதற்கு நீண்ட தூர ஓட்டம் பெரிதாக உதவாது. மூன்று நிமிட ரவுண்டில் பத்து விநாடிக்கு ஒருமுறை முழு வேகத்தில் இரண்டு அடி, இடையில் துள்ளல் நடை. ரவுண்டுக்கு ரவுண்டு மூன்று நிமிட ஓய்வு, நான்கில் தொடங்கி ஆறு வரை, வாரம் இருமுறை. ஐந்தாவது ரவுண்டில் கை தாழ்ந்துவிட்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். தாழ்ந்த கையோடு பழகுவதும் ஒரு பழக்கமாகிவிடும்.

தனியாகப் பழக வேண்டியது கடைசிப் பதினைந்து விநாடி. சென்ஷு கையில் இருக்க, அந்த நேரத்தில் ஓடினாலோ, பிடித்துக்கொண்டாலோ, கோட்டுக்கு வெளியே போனாலோ எச்சரிக்கை வரும், சென்ஷுவும் போய்விடும். தரையில் 8 மீட்டர் சதுரம் ஒட்டி, ஒருவரை 1–0 முன்னிலையில் நிறுத்தி, மற்றவரை முழு வேகத்தில் பாயவிடுங்கள். முன்னிலையில் இருப்பவர் நேர் பின்னால் போகக் கூடாது. கோடு நெருங்கும்போது முன்காலைச் சுழற்றிப் பக்கவாட்டில் வெளியேறி, எதிரடி கொடுக்க வேண்டும்.

முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை. தாவி இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிவதால் மூட்டுக்குள் இருக்கும் முன்சிலுவைத் தசைநார் (ACL) கிழிவது பெண்களிடம் ஆண்களைவிட அதிகம். முப்பது சென்டிமீட்டர் பலகையிலிருந்து ஒற்றைக் காலில் இறங்குவதை முன்னிருந்து படம்பிடியுங்கள். முழங்கால் பெருவிரலுக்கு உள்ளே போனால் முதலில் இடுப்பையும் பின்தொடையையும் வலுவாக்க வேண்டும், தாவல் பயிற்சி பிறகு.

கருவிகள் எளிது: சிவப்பு, நீலம் இரண்டு நிறத்திலும் கையுறை, பாதக் காப்பு, பெல்ட், கூடவே பல்காப்பு, உடல் காப்பு, பெண்களுக்கான மார்புக் காப்பு. பல்காப்பைப் போட்டியன்று முதல்முறை வாயில் வைக்காதீர்கள். நகத்தை வெட்டுங்கள், உலோகக் கிளிப் கூடாது.

கடைசிப் பத்து நாளில் பயிற்சி அளவைப் பாதியாக்கி வேகத்தை அப்படியே வையுங்கள். போட்டியன்று தோற்றுவிட்டால் உடனே உடை மாற்ற ஓடாதீர்கள். ரெபசாஜ் முறையில் நடக்கும் போட்டிகளில், உங்களை வென்றவர் இறுதிக்குப் போனால் வெண்கலத்துக்கு உங்களைக் கூப்பிடுவார்கள். அவருடைய அரையிறுதி முடியும்வரை கைக்கு எட்டும் தூரத்தில் கையுறை இருக்கட்டும். உடம்பு குளிராமல் நடந்துகொண்டிருங்கள்.