ஊர் நூலகத்துக்கு உங்கள் நூலைக் கொடுக்கும்போது

தமிழ் நூல்களைக் கட்டாகக் கட்டி நூலக முகப்பில் வைத்துவிட்டு வந்தால், அவை அலமாரிக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நூலைப் பட்டியலில் ஏற்றும் ஊழியருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். எதைப் பற்றிய நூல், சிறுவருக்கா பெரியவருக்கா என்று புரியாத நூல் பெட்டியிலேயே கிடக்கும். அதனால் நூலோடு ஒரு பக்கத் தாளும் கொடுங்கள். மலாயில் இருப்பது நல்லது. தலைப்பு தமிழிலும் ரோமன் எழுத்திலும், தலைப்பின் பொருள் ஒரு வரியில், வகை, வாசகர் வயது, பக்க எண்ணிக்கை, வெளிவந்த ஆண்டு, ஐஎஸ்பிஎன் (நூலுக்குரிய பன்னாட்டு அடையாள எண்), மூன்று வரியில் உள்ளடக்கம். இவ்வளவு போதும்.

ரோமன் எழுத்தில்தான் பெரிய சிக்கல். நூலகங்கள் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் ‘ழ’வுக்கு எல் எழுத்தின் அடியில் ஒரு கோடு, நெடிலுக்கு மேலே ஒரு கோடு. தட்டச்சில் அந்தக் கோடுகள் விடுபட்டால் மழை, மலை, மாலை மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். ‘மழை’ என்ற நூலைத் தேடுபவர் மூன்றையும் புரட்ட வேண்டியிருக்கும். கோடுகளோடு ஒரு வடிவம், மக்கள் வழக்கமாக எழுதும் வடிவம் என இரண்டையும் தாளில் எழுதிக் கொடுங்கள்.

பெயரும் அப்படித்தான். ஒரு நூலில் புனைபெயர், அடுத்ததில் தலைப்பெழுத்தோடு இயற்பெயர், மூன்றாவதில் அடையாள அட்டையில் உள்ள பெயர் என்றால், பட்டியலில் நீங்கள் மூன்று பேர். ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லா நூலுக்கும் அதையே கொடுங்கள்.

சொந்தமாக அச்சிடுபவர்கள் ஐஎஸ்பிஎன் எண்ணை அச்சுக்குப் போவதற்கு முன்பே மலேசியத் தேசிய நூலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். கட்டணம் இல்லை. அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறோர் எண். நூல் வெளிவந்த ஒரு மாதத்துக்குள் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது 1986ஆம் ஆண்டுச் சட்டம். சொந்த வெளியீடு என்றால் பதிப்பாளர் நீங்கள்தான், கடமையும் உங்களுடையதே. அந்த ஐந்து படிகள் உங்கள் ஊர் நூலகத்துக்கு வராது. அங்கே தனியாக இரண்டு படி கொடுங்கள்.

கவிதைத் தொகுப்புகளை நடுவில் ஸ்டேப்ளர் அடித்து அச்சிடாதீர்கள். முதுகு இல்லாத நூலில் தலைப்பு தெரியாது, இரண்டு தடித்த நூல்களுக்கு நடுவே மறைந்துபோகும். நம் ஊர் ஈரத்தில் கம்பியும் துருவேறித் தாளைத் தின்னும். பசை ஒட்டிய முதுகில் தலைப்பைத் தமிழில் அச்சிடுங்கள்.

நூலகத்தில் வாசகர் சந்திப்பு நடத்துவதென்றால் ஆறு வாரம் முன்பே மலாயில் கடிதம் கொடுங்கள். தேதி, நேரம், எதிர்பார்க்கும் ஆட்கள், ஒலிபெருக்கி வேண்டுமா, நூல் விற்கலாமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். விற்பனைக்குத் தனி அனுமதி கேட்பார்கள். தைப்பூச வாரத்தையும் தீபாவளிக்கு முந்திய வாரங்களையும் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு மணி நேரம் கிடைத்தால் வாசிப்புக்கு 15 நிமிடம், எழுதிய விதம் பற்றிப் பேச 15, மீதி முழுவதும் வாசகர் கேள்விக்கு. வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். இதை விட்டுக்கொடுத்தால் வாசகர் வாய் திறக்கும் முன்பே நூலகம் மூடும் நேரம் வந்துவிடும். வாசிக்கும் பக்கத்தை 16 புள்ளி அளவு எழுத்தில், தாளின் ஒரு புறம் மட்டும் அச்சிட்டு, மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கடிகாரம் வைத்து ஒருமுறை உரக்க வாசித்துப் பாருங்கள்.

அனுபவம் என்று பொதுவாகப் பேசுவதைவிட, அடித்தல் திருத்தலோடு உள்ள முதல் கையெழுத்துப் படியில் ஒரு பக்கத்தையும், அச்சில் வந்த அதே பக்கத்தையும் நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள். எந்த வரியை ஏன் வெட்டினீர்கள் என்று காட்டும்போது, எழுத நினைக்கும் இடைநிலைப்பள்ளி மாணவருக்கு வழி திறக்கிறது. கேள்வியும் அங்கிருந்துதான் பிறக்கும்.

மூத்த எழுத்தாளர்கள் வீட்டில் நூலகத்துக்குக் கொடுக்க இன்னொரு செல்வம் இருக்கிறது: நாளிதழ் நறுக்குகள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. அதன் ஞாயிறு பதிப்பில் வந்து நூலாகாத கதைக்கு அந்த நறுக்கே சாட்சி. செலோடேப் ஒட்டாதீர்கள், அது மஞ்சளாகி எழுத்தை அழிக்கும். தட்டையாக விரித்து 300 டிபிஐ தெளிவில் ஸ்கேன் செய்யுங்கள். இதழின் பெயர், தேதி, பக்க எண்ணைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். தேதி இல்லாத நறுக்கை ஆய்வாளர் மேற்கோள் காட்ட முடியாது. பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே கொடுங்கள். இல்லாவிட்டால் நூலகக் கணினியில் வெறும் குறிகளாகத்தான் தெரியும்.