பாட்டிலுக்கு முன்னால் பிளக்: பராமரிப்பில்லாத பழைய காரை எந்த வரிசையில் கவனிப்பது?

நெடுநாள் யாரும் கவனிக்காத பெட்ரோல் கார் கைக்கு வந்தால், டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் மீதுதான் முதலில் கண் போகும். நானும் அடுத்தடுத்து இரண்டு பாட்டில் ஊற்றினேன். மிஸ்ஸிங் (எஞ்சின் சீராக எரியாமல் விட்டுவிட்டு ஓடுவது) நிற்கவில்லை. கடைசியில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால், நுனி தேய்ந்து மொட்டையாகிக் கிடந்தது.

பாட்டில் மேல் குற்றமில்லை. பெட்ரோல் ஓடுகிற வழியை மட்டும்தான் அது கழுவும். தீப்பொறி, காற்று, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படுவது) மூன்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படி 1: ஆயிலும் பழைய பெட்ரோலும்
எஞ்சின் ஆறிய பிறகு எஞ்சின் ஆயிலை அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவுங்கள். ஆயில் பால் கலந்த காப்பி போல இருந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருக்கக்கூடும். ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோலில் வார்னிஷ் வாடை வந்தால் வடித்துவிட வேண்டியதுதான்.

படி 2: காற்று
ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் மாற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது 'உஸ்ஸ்' என்று சீறும் சத்தம் கேட்டால், ஏதோ ஒரு வேக்குவம் ஹோஸில் (எஞ்சின் உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாய்) விரிசல் விட்டிருக்கலாம்.

படி 3: பிளக்
நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும். சூட்டில் கழற்றினால், பிளக் பொருந்தியிருக்கும் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடக்கூடும். பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதிவிட்டு, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லா வயரையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் எது எங்கே என்று குழம்பும்.

கழற்றிய பிளக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது எஞ்சினின் நாடித்துடிப்பு. இளம்பழுப்பு நிறம் என்றால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது தீப்பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுக்கோடு கருத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் எரிகிறது. அதை எந்தப் பாட்டிலும் சரிசெய்யாது. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு.

சாதாரண நிக்கல் பிளக் சுமார் 30,000 கி.மீ. தாங்கும்; இரிடியம் 1,00,000 கி.மீ. வரை கூட வரும். பிளக் நுனியில் தீப்பொறி தாவும் இடைவெளி பெரும்பாலும் 0.7 முதல் 1.1 மி.மீ.க்குள் இருக்கும், சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில். புதிய பிளக்கை முதலில் கையாலேயே திருகி, கடைசி முறுக்குக்கு மட்டும் ஸ்பேனர்.

படி 4: இப்போது பாட்டில்
லேபிளில் பாலிஈதர் அமீன் என்ற கிளீனர் ரசாயனம் இருக்கிறதா என்று பாருங்கள். கரியைக் கரைப்பதில் அது கெட்டிக்காரன். டேங்க் கிட்டத்தட்ட காலியாக இருக்கும்போது ஊற்றி, மேலே பெட்ரோல் நிரப்பினால் நன்றாகக் கலக்கும். லேபிள் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம். அந்த டேங்க் தீரும்வரை கொஞ்சம் நீண்ட ஓட்டமாக ஓட்டுங்கள். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில், காற்று நுழையும் இன்டேக் வால்வு மேல் பெட்ரோலே படாது என்பதால், அங்கே படிந்த கரி அப்படியேதான் இருக்கும்.

படி 5: ஆயில் மாற்றம்
கரைந்த அழுக்கில் கொஞ்சம் ஆயிலிலும் இறங்கும். ஆகவே டேங்க் தீர்ந்தபின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். ஏற்கெனவே ஆயில் தார் போல இருந்தால் காத்திருக்காமல் முதலிலேயே ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மிஸ்ஸிங் தொடர்ந்தால், இன்னொரு பாட்டில் வாங்கப் போகும் காசில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள்.