டோக்கியோவில் இறங்கி ஒசாகாவில் விமானம் ஏறுங்கள்

ஜப்பானுக்கு முதல்முறை போகிறவர்கள் பலர் டோக்கியோவுக்கே போய்வர டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். கியோட்டோவும் ஒசாகாவும் பார்த்து முடித்தபின், விமானம் பிடிப்பதற்காகவே 500 கிலோமீட்டர் திரும்ப வேண்டியிருக்கும். டிக்கெட் தேடும்போதே ‘மல்ட்டி சிட்டி’யைத் தேர்ந்தெடுத்து, போக டோக்கியோவின் நரிட்டா அல்லது ஹனேடா விமான நிலையம், திரும்ப ஒசாகாவின் கன்சாய் விமான நிலையம் என்று போட்டுப் பாருங்கள். விமானக் கட்டணம் சற்றுக் கூடினாலும் தயங்க வேண்டாம்; புல்லட் ரயிலில் ஒரு வழிக்கே சுமார் 14,000 யென் ஆகும், அரை நாளும் போய்விடும்.

அடுத்தது ஜேஆர் பாஸ்; ஒருமுறை வாங்கினால் குறிப்பிட்ட நாட்களுக்கு ஜப்பானின் ஜேஆர் ரயில்களில் சுற்றவிடும் சீட்டு. ‘கண்ணை மூடிக்கொண்டு வாங்கு’ என்பது பழைய அறிவுரை. 7 நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்த காலத்தில் அது சரி. 2023 அக்டோபரில் 50,000 ஆக்கிவிட்டார்கள். டோக்கியோ–கியோட்டோ போய்வரவே 30,000 தாண்டாது. ஆகவே தனித்தனி டிக்கெட்டே லாபம். ஹிரோஷிமா, ஃபுகுவோகா என்று இன்னும் தொலைவிலுள்ள நகரங்களுக்கும் ஒரே வாரத்தில் ஓடுகிறவர்கள் மட்டும் கூட்டிப் பாருங்கள். டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் கியோட்டோ போகும்போது ‘ஈ’ (E) இருக்கை கேளுங்கள். வானம் தெளிந்திருந்தால் ஃபூஜி மலை அந்தப் பக்கம்தான். பெட்டியின் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டினால், பெரிய பெட்டிக்கு இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்யவேண்டும். இல்லாவிட்டால் 1,000 யென் கட்டச் சொல்வார்கள்.

நகருக்குள் சுற்ற சுய்கா அல்லது பாஸ்மோ கார்டு; முன்கூட்டியே பணம் போட்டு, ரயில் நிலைய வாசலில் தட்டிப் போகும் கார்டுகள் இவை. ஐபோனிலேயே சுய்கா சேர்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் வேலை செய்யாது, பிளாஸ்டிக் கார்டுதான். டோக்கியோவில் வாங்கிய கார்டு ஒசாகாவிலும் செல்லும். ஆனால் டோக்கியோவில் தட்டி ஏறி, சாதாரண ரயிலிலேயே மாறி மாறி கியோட்டோவில் இறங்கினால் நிலைய வாசல் கதவு திறக்காது. கார்டு செல்லும் இடங்கள் பகுதி பகுதியாகப் பிரிந்திருக்கின்றன; ஒரு பகுதிக்குள் தொடங்கும் பயணம் அதற்குள்ளேயே முடியவேண்டும். தொலைதூரத்துக்குத் தனி டிக்கெட் எடுங்கள்.

ரொக்கத்துக்கு செவன் இலெவன் கடை ஏடிஎம் போதும். கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவிடுங்கள். ரூபாயிலா யென்னிலா என்று திரை கேட்டால் யென்தான். ரூபாயை அழுத்தினால் மோசமான மாற்றுவிகிதம் தலையில் விழும்.

ஏடிஎம் தரும் 10,000 யென் தாளைப் பேருந்தில் நீட்டாதீர்கள். கியோட்டோ நகரப் பேருந்தில் கட்டணம் 230 யென், இறங்கும்போது கட்டுவது. ஓட்டுநர் பக்கத்திலுள்ள சில்லறை இயந்திரம் தாள்களில் 1,000 யென்னை மட்டும்தான் வாங்கும். அதில் தாளைப் போட்டதும் முழுப்பணமும் நாணயமாகக் கொட்டும். கட்டணம் இன்னும் கழியவில்லை. பலர் அப்படியே அள்ளிக்கொண்டு இறங்கப் போய் ஓட்டுநரிடம் நிற்கிறார்கள். அதிலிருந்து 230-ஐ எண்ணிப் பக்கத்திலுள்ள கட்டண உண்டியலில் போடுங்கள்.