ஒரே வீட்டுக்கு மூணு சர்வேயா? காசு குடுக்குற டோனருங்கள ஒண்ணு சேக்குறது எப்படி

2023 டிசம்பர்ல எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் கலந்தப்போ ஒரே வாரத்துல மூணு டீம் வந்து அதே கேள்வி, வலை எத்தன போச்சு, படகு எத்தன, மூணாவது டீம்கிட்ட பக்கத்து வீட்டு ஆயா "போன ஆள்கிட்டயே கேட்டுக்கபா"ன்னு கதவ சாத்திடுச்சு.

ஏழை நாட்டு புள்ளிவிவர ஆபீஸுக்கும் இதே ரோதனதான், உலக வங்கிக்கு ஒரு சர்வே, யுனிசெஃப்க்கு ஒண்ணு. புள்ளிவிவரத்துக்கு காசு குடுக்குறவங்களையும் நாடுகளையும் ஒண்ணு சேக்க 1999ல பாரிஸ்21னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க.

மொதல்ல நாடே தனக்குன்னு ஒரு புள்ளிவிவர வளர்ச்சி திட்டம் போடணும், காசு குடுக்குறவங்க போட்டுத் தர்ற லிஸ்ட் கூடாது. அப்புறம் யாரு எதுக்கு எவ்ளோ எந்த வருஷம்னு ஒரே ஷீட்ல ஏத்துங்க, டபுளா வர்றது அங்கயே பல்ல இளிக்கும். மீட்டிங் கூப்பிடறது புள்ளிவிவர ஆபீஸா இருக்கட்டும். முடிஞ்சா பணம் ஒரே உண்டியல்ல, ரிப்போர்ட்டும் ஒண்ணே. சம்பளம், வண்டி பெட்ரோலுக்கு யாரும் லேசுல தரமாட்டாங்க, அத மொத மீட்டிங்லயே கேட்டுடுங்க.